கடைசிப் பதினாறு பக்கங்கள்

போன் அடித்தபோது ராக்கெட் அக்கா மூன்றாம் அறைக்குள் ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். குளிர்கிடங்குக்குள் கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடும். கழற்றாவிட்டால் போன் திரை சொன்னபடி கேட்காது. அதனால் வழக்கம்போல மூக்கு நுனியால் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டார்.

"வணக்கம். 'நாற்பதாம் அறை'ங்கிறது உங்களோடதுதானே?"

"எங்ககிட்ட மொத்தமே எட்டு அறைதான். நாற்பதெல்லாம் கிடையாது. என்ன வைக்கணும்? உருளைக்கிழங்கா, கேரட்டா? கேரட்டுன்னா ஆப்பிள் பக்கத்துல வைக்க மாட்டோம், கசந்துபோகும். இப்பவே சொல்லிடுறேன்."



"அக்கா, நான் நாவலைச் சொல்றேன். விண்கப்பல் கதை. நீங்க எழுதினது."

அக்கா பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெயரை வேறு ஒருவர் வாயால் கேட்டு முப்பது வருடம் இருக்கும்.

கிடங்கில் அவரை எல்லோரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். 'ராக்கெட்டைக் கூப்பிடு, ரசீது போடணும்', 'ராக்கெட் அக்கா டிபன் பாக்ஸ்ல என்ன இருக்கு பாரு' என்று நாள் முழுக்க அந்தப் பெயர் அறைக்கு அறை ஓடும். புதிதாக வந்த சுமைதூக்குகிறவர்கள், அவர் நடக்கும் வேகத்துக்காக வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய ஆட்கள் யாரும் திருத்துவதில்லை. பாதிப் பேருக்குக் காரணமே மறந்துவிட்டது. புத்தகம் வந்த புதிதில், அப்போதிருந்த மேனேஜர் அதைக் கையில் எடுத்து அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, வெடிக்குமா?" என்று கேட்டார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அந்த நாவலால் அவருக்குக் கிடைத்த ஒரே வருமானம் இந்தப் பெயர்தான் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர்தான். பட்டம் கைக்கு வந்ததும் பெரிய வேலை ஒன்று வீடு தேடி வரும் என்று அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் வழிமேல் விழி வைத்திருந்தார்கள். வந்தது, குளிர்கிடங்கில் அறைக்கு அறை போய் வெப்பநிலையைப் பார்த்துப் பலகையில் எழுதும் வேலை. 'வேற கிடைக்கிற வரைக்கும்' என்று சேர்ந்தார். வேறு கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு கிடைத்தன. அதற்குள் அவருக்கு அந்தக் கனத்த கதவுகள் பிடித்துப்போயிருந்தன. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே வேறொரு கிரகம். மூச்சு புகையாக வரும். மூட்டைகள் அசையாமல் தூங்கும். அவற்றின் தூக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் மட்டும் முழித்திருக்க வேண்டும். இதற்கா இவ்வளவு படித்தோம் என்ற கேள்வி மாதம் ஒருமுறை வந்து போகும். அது ஒருமுறை வந்தபோதுதான் நாவல் எழுத உட்கார்ந்தார். அப்போது வயது இருபத்து நான்கு.

கதை இதுதான். ஒரு விண்கப்பல் மிகத் தொலைவில் இருக்கும் ஒரு கிரகத்துக்குப் போகிறது. முப்பத்தொன்பது அறைகளில் மனிதர்கள் உறைந்து தூங்குகிறார்கள். காவல்காரி ஒருத்தி மட்டும் விழித்திருந்து அறைக்கு அறை நடந்து குளிரைச் சரிபார்க்கிறாள். நாற்பதாம் அறையை மட்டும் யாரும் திறந்ததில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கப்பலில் எவருக்கும் தெரியாது. வருடங்கள் போகின்றன. கடைசியில் ஒருநாள் அவள் அந்தக் கதவின் முன்னால் போய் நிற்கிறாள்.

ஒரு சின்ன அச்சகம் ஆயிரம் பிரதி போட்டது. இவருக்கு இருபத்தைந்து பிரதி கொடுத்தார்கள். மற்றவை எங்கே போயின, யார் வாங்கினார்கள், வாங்கியவர்கள் படித்தார்களா என்று எந்தத் தகவலும் வரவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டால்கூட ஒரு சத்தம் வரும். இதில் அதுவும் இல்லை. அச்சகமும் மூடிக்கொண்டது. அக்கா அதன்பிறகு எழுதவில்லை. நன்றாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்களே என்று நினைத்துக்கொண்டார்.

இப்போது, யாரோ ஒருவர் சொல்கிறார்.

போன் செய்தவர் ஒரு பதிப்பாளர். நாவலை மறுபடி அச்சிடுவது பற்றிப் பேச அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தோல் பை. மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார், விஷயம் கேள்விப்பட்டு முன்கூட்டியே இறங்கி வந்து நாற்காலி பிடித்திருந்தார்.

"அண்ணி, புத்தகம் போடுறவருன்னா தாடி வச்சிருப்பாருன்னு நினைச்சேன். இவரு இன்சூரன்ஸ்காரர் மாதிரி இருக்காரே."

"இன்சூரன்ஸும் பார்க்கிறேங்க. புத்தகத்தை மட்டும் நம்பினா அடுப்பு எரியாது," என்றார் பதிப்பாளர்.

"அப்ப எங்க அண்ணனுக்கு ஒரு பாலிசி போடுங்க. ஸ்கூல் வேன் ஓட்டுறாரு. பிள்ளைங்க போடுற சத்தத்துல ஒரு காது போயே போச்சு."

"அதெல்லாம் நல்லா கேக்குது," என்றார் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து. "உன் குரல் வரும்போது மட்டும்தான் கேக்காது."

பதிப்பாளர் பையிலிருந்து ஒரு பழுப்பேறிய புத்தகத்தை எடுத்தார். முதுகில் ஒட்டுத்தாள். அட்டையின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. கல்லூரி நாளில் பழைய புத்தகக்கடையில் கண்டெடுத்ததாம். அன்றிலிருந்து எத்தனை பேரிடம் கொடுத்துப் படிக்க வைத்தார் என்று அவருக்கே கணக்கில்லை. படித்தவர்கள் பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறதாம்.

"இவ்ளோ நாளா எனக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லலையே தம்பி."

"உங்களைத் தேடாத இடமில்ல அக்கா. பலர் நீங்க உயிரோட இல்லன்னே நினைச்சுட்டாங்க. ஒருத்தர் இரங்கல் கட்டுரைகூட எழுதிட்டாரு."

"நல்லா எழுதியிருந்தாரா?"

"ரொம்ப நல்லா."

"பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க. உதவும்."

பதிப்பாளர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி, "எல்லாம் அந்தக் கடைசி வரிக்காகத்தான் அக்கா" என்றார். புத்தகத்தைத் திறக்காமலேயே சொன்னார்: "கைப்பிடியில் கை வைத்தாள். உறைபனி உதிர்ந்தது. கதவு..."

அதோடு நிறுத்தினார். அக்கா காத்திருந்தார். அவர் மேலே சொல்வதாக இல்லை.

"கதவு பூட்டப்படவே இல்லை," என்று அக்காவே முடித்துவைத்தார்.

"என்னது?"

"அந்த வரி. கதவு பூட்டப்படவே இல்லை. அதுக்கப்புறம்தானே கடைசி அத்தியாயம்."

பதிப்பாளர் அவரையே பார்த்தார். அக்கா எழுந்து போய் அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து தன் பிரதியைக் கொண்டுவந்தார். இரண்டு புத்தகத்தையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார்கள். பதிப்பாளரின் புத்தகம் நூற்றி எழுபத்தாறாம் பக்கத்தில், அந்தக் 'கதவு' என்ற சொல்லோடு, முற்றுப்புள்ளிகூட இல்லாமல் முடிந்திருந்தது. அக்காவின் புத்தகத்தில் அதற்குப் பிறகு இன்னும் பதினாறு பக்கங்கள் இருந்தன.

பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஃபாரம் விட்டுப் போச்சு," என்றார்.

புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சடிப்பதில்லை என்று அவர் விளக்கினார். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். பன்னிரண்டு ஃபாரத்தை வரிசையாக அடுக்கித் தைத்தால் இந்தப் புத்தகம். ஆசிரியருக்கென்று முதலில் இருபத்தைந்தை மட்டும் சரியாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கடைசி ஃபாரக் கட்டு எங்கேயோ கைமாறிப் போயிருக்கிறது. பதினோரு ஃபாரத்தோடு தைத்து அட்டை போட்டுக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

"கைமாறின்னா எங்க போயிருக்கும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"அதே அச்சகத்துல அப்ப ஓடிட்டிருந்த வேற புத்தகத்தோட போயிருக்கலாம். கோழி வளர்ப்பு மாதிரி ஏதாவது."

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "அப்ப முப்பது வருஷமா எங்கயோ ஒரு கோழிப்பண்ணைக்காரரு, குஞ்சு பொரிக்கிற பக்கத்துக்கு அப்புறம் விண்கப்பல் எப்படி வந்துச்சுன்னு மண்டையை உடைச்சிட்டு இருக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பதிப்பாளர் மட்டும் அந்தப் பதினாறு பக்கத்தையும் அங்கேயே உட்கார்ந்து படித்து முடித்தார். படித்துவிட்டு டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

"போட்டுடலாம் அக்கா. முழுசாவே போட்டுடலாம்," என்றார். குரலில் சுரத்தில்லை.

அந்தக் கடைசி அத்தியாயத்தில் நடப்பது அதிகமில்லை. கதவு பூட்டப்படவே இல்லை. உள்ளே ஒரு கட்டில், மடித்த போர்வை. மேலே ஒரு தகட்டில் 'காவல்' என்று எழுதியிருக்கிறது. நாற்பதாம் அறை அவளுக்காக வைத்தது. ஆனால் மாற்றாள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது கப்பலின் விதி. குளிர்கிடங்கிலும் அதுதான் விதி. அவள் திரும்பிப்போய் ஒருத்தியை எழுப்புகிறாள். கேப்டனை இல்லை, டாக்டரை இல்லை. கடைசி நேரத்தில் ஓடிவந்து ஏறிய சமையலறைப் பெண்ணை. சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்து, போர்வையை உதறி, படுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான்.

புத்தகம் வந்தது. புது அட்டை, நல்ல தாள். முன்னுரையில் ஃபாரம் விட்டுப்போன கதையைப் பதிப்பாளர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். விற்பனை அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்தது. திட்டும் அதே வேகத்தில் வந்தது.

விண்கப்பலில் கேசட் ரெக்கார்டர் இருக்கிறதே என்று சிலர் சிரித்தார்கள். காவல்காரி கேசட் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றும் இடத்தைப் படமாக வரைந்து ஒருவர் இணையத்தில் போட்டார். அது அக்காவுக்குப் பிடித்தேயிருந்தது. மற்றதுதான் வலித்தது. பழைய வாசகர்கள் தங்களைப் பாதிவரிக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஃபாரம் கதையை அவர்களில் பலர் நம்பவில்லை. வயதான காலத்தில் ஆசிரியர் தன் சாதனையைத் தானே குலைத்துவிட்டார் என்று ஒருவர் எழுதினார். 'கட்டிலும் போர்வையும் கண்டுபிடிக்கவா இத்தனை ஒளியாண்டு போனோம்?' என்று இன்னொருவர். நம்பியவர்களும், 'பைண்டிங்காரருக்கு இருந்த ரசனை எழுதினவருக்கு இல்லை' என்றார்கள்.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அக்கா தன் நல்ல கைத்தறிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். பேசியவர்கள் பேசி முடித்ததும் பாதிவரிக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த ஒருவர் எழுந்தார். வங்கியில் வேலை செய்பவர், கண்ணாடி போட்டவர். கோபமாகத்தான் எழுந்தார். பேச ஆரம்பித்ததும் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"மேடம், அதைப் படிக்கும்போது எனக்குப் பத்தொன்பது வயசு. அந்த அறைக்குள்ள என்ன இருக்கும்னு எல்லா வயசுலயும் ஒண்ணு நினைச்சேன். வேலை இல்லாம சுத்தினப்போ அதுக்குள்ள வெளிய போற வழி இருந்துச்சு. அப்பா போனப்போ உள்ள அப்பா இருந்தாரு. இப்ப நீங்க திறந்து காட்டிட்டீங்க. ஒரு கட்டில். ஒரு போர்வை. ஏன் மேடம்?"

 அக்கா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்ப... அப்படித்தான் எழுதினேன்," என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆயிரம் பதில் தோன்றியது. ஒன்றுகூட அந்த மனிதர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியதாக இல்லை.

அடுத்த வார விடுமுறை நாளில் பதிப்பாளரின் பழைய பிரதியைக் கடன் வாங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தார். யாரோ எழுதியதைப் படிப்பது போல முதல் பக்கத்திலிருந்து படித்தார். நூற்றி எழுபத்தாறாம் பக்கம் வந்தது. 'கதவு' என்ற சொல் வந்தது. கீழே வெள்ளைத்தாள். அவருக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, பிரமாதமாக இருந்தது.

அப்படியானால் இவர்கள் முப்பது வருடமாகக் கொண்டாடியது யாரை? தன்னையா, கவனக்குறைவாகத் தைத்த ஒருவரையா? வீட்டில் முதலில் படித்தவள் என்று எல்லோரும் தூக்கி வைத்தபோது, உள்ளுக்குள் எப்போதும் ஒரு குரல் 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது அந்தக் குரலுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"என்னுதைவிட நல்லா இருக்குங்க."

"அதுவும் உன்னுதுதானே?"

அக்கா புத்தகத்தை மூடி வைத்தார்.

கிடங்கில் கம்ப்ரஸர் ஓட்டுகிற ஆபரேட்டர் புத்தகத்தை எண்ணெய்க் கறையோடு திருப்பிக் கொடுத்தார். குளிரூட்டும் இயந்திரத்தின் முன்னால் வாழ்கிற மனிதர். எதிலும் ஒரு குறை வைத்திருப்பார்.

"எல்லாம் சரிக்கா. நாற்பதாம் அறையில எத்தனை டிகிரின்னு போடலையே?"

"அது கதைய்யா."

"கதைன்னா? அந்தம்மா படுத்து உறைஞ்சிட்டா பரவாயில்ல. சும்மா சளி புடிச்சா?"

"உன்கிட்ட குடுத்தேன் பாரு."

"இன்னொன்னு. அந்தச் சமையல்காரப் பொண்ணுகிட்ட கம்ப்ரஸர் சாவி குடுத்தீங்களா இல்லையா? அதைச் சொல்லாம அவ பாட்டுக்குத் தூங்கப் போயிட்டா. எனக்கு வேலையே ஓடல."

அந்த வாரக் கடைசியில் பதிப்பாளர் போன் செய்தார். புதுப் பதிப்பு தீரப்போகிறது. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போக வேண்டும். பெரிய புத்தகக்கடை ஒன்று, கடைசி அத்தியாயம் இல்லாத பழைய வடிவம் கிடைத்தால் நிறைய எடுத்துக்கொள்கிறோம் என்கிறது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க தம்பி?"

நீண்ட மூச்சு கேட்டது. "நான் சொல்லக் கூடாது அக்கா. உங்க புத்தகம்."

"சொல்லுங்க."

"எனக்கும் அந்தப் பாதி வரிதான் பிடிக்கும்."

"சரி. யோசிச்சுச் சொல்றேன்," என்றார். சனிக்கிழமை ஒரு கல்லூரியில் கூட்டம் இருந்தது. அதற்குள் முடிவு சொல்வதாக ஏற்பாடு. போனை வைத்தபோதே, அந்தப் பக்கங்களை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. எல்லோரும் ஒரு பக்கம் நிற்கும்போது தான் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்க, தான் என்ன பெரிய மேதையா?

வெள்ளிக்கிழமை அவருடைய மாற்றாள் வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து, வெளியே டீக்கடையில் கூட்டம் வந்து, கலைந்தும் போனது. எங்கோ பாதையில் லாரி கவிழ்ந்து எல்லா வண்டியும் நிற்கிறதாம். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே இன்னொரு முறை எட்டு அறையையும் சுற்றி வந்தார். ஒவ்வொரு கதவையும் மூடுமுன் உள்ளே பார்த்து, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தார். குளிர்கிடங்கில் அப்படித்தான் மூட வேண்டும். முழங்கால் தெறித்தது. உட்கார மனமில்லை, உட்கார்ந்தால் எழ முடியாது. கடைசியில் மாற்றாள் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். அக்கா அவரை நாலு வார்த்தை திட்டினார். அவர் பல்லைக் காட்டிக்கொண்டே சாவிக்குக் கையை நீட்டினார்.

சாவிக்கொத்து கையை விட்டுப் போன அந்த நொடியில் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வருடக்கணக்காகத் தினமும் இறங்குவதுதான். கவனித்ததில்லை. வாசலைத் தாண்டி வெயிலுக்குள் வந்தவர், பேருந்து நிறுத்தத்துக்குப் போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். தன் காவல்காரி ஞாபகம் வந்தது.

கல்லூரிக் கூட்டத்துக்கு நாத்தனாரும் துணைக்கு வந்தார். அறை நிறைய மாணவர்கள். பெரும்பாலானவர்கள் புதுப் பதிப்பை மட்டும் படித்தவர்கள். பாதி வரி என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. முன்னுரையை யார் படிக்கிறார்கள்? அவர்கள் வேறொன்றுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கேப்டனை எழுப்பாம சமையல்காரியை எழுப்பினது பொறுப்பில்லாத வேலை," என்றான் ஒருவன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பினாள். "கேப்டன் எழுந்தா முதல்ல என்ன கேப்பாரு தெரியுமா? 'எனக்கு டீ எங்கே'ன்னு கேப்பாரு. காவல்காரிக்கு மறுபடி வேலை!"

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுடி."

"காவல்காரிக்கு மட்டும் முதல் நாள் எல்லாம் தெரிஞ்சிதா?"

"அந்தப் பொண்ணு சரிதான்," என்று நாத்தனார் அக்காவின் காதில் கிசுகிசுத்தார். "ஆனா கப்பல்ல டீ இருக்கா அண்ணி?"

அக்கா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பதாம் அறையில் என்ன இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதைத் தாண்டி எங்கேயோ போயிருந்தார்கள்.

பின்வரிசையில் வங்கிக்காரர் எழுந்தார். அவர் வந்திருப்பதை அக்கா அப்போதுதான் பார்த்தார். பதிப்பாளர் சுவரோரம் நின்றபடி நகத்தைக் கடித்தார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த பதிப்புல அந்தப் பதினாறு பக்கம் இருக்குமா?"

என்ன பதினாறு பக்கம் என்று மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"சார், நீங்க அன்னைக்குச் சொன்னதை நான் மறக்கல. நீங்க படிச்ச புத்தகத்தையும் படிச்சுப் பார்த்தேன். நல்லா இருக்கு. நான் எழுதினதைவிட நல்லா இருக்குன்னு இவர்கிட்டயும் சொல்ல நினைச்சேன்," என்று பதிப்பாளரைக் காட்டினார். "அந்த அறைக்குள்ள நீங்க என்னென்னவோ வச்சுப் பார்த்தீங்க. உங்க அப்பாவைக்கூட வச்சீங்க. அது உங்களுக்கு இருக்கட்டும். ஆனா வாசல்ல ஒருத்தி முப்பது வருஷமா கைப்பிடியில கை வச்சிட்டு நிக்கிறாளே சார். அவளை யாராவது உள்ள கூப்பிட்டீங்களா?"

அக்கா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"உக்காரவாவது சொன்னீங்களா? கால் வலிக்காது?"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. அது நாத்தனார்தான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் சிரிக்கிறார் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப நான் கதவுக்கு வெளியவே இருந்துக்கலாமா மேடம்?"

"தாராளமா. நூத்தி எழுபத்தாறாம் பக்கத்துல மூடி வச்சிடுங்க. யாரும் அடிக்க வரமாட்டாங்க. ஆனா அவளுக்கு மாத்தாள் வந்தாச்சு. அவ போய்ப் படுக்கட்டும்."

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பதிப்பாளர் கூடவே வந்தார். "அப்ப முழுசாத்தான்," என்றார்.

"முழுசாத்தான். உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும்."

"பிடிக்கும்னு சொல்லல அக்கா. ஆனா போன வாரம் மாதிரி இப்ப இல்ல." கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கடையில கம்மியாத்தான் எடுப்பாங்க. பரவாயில்ல."

முன்வரிசைப் பெண் வாசல்வரை துரத்திவந்து, முழித்த அந்தச் சமையலறைப் பெண் அதற்குப் பிறகு தனியாக என்ன செய்தாள் என்று கேட்டாள். தெரியாது என்று அக்கா சொன்னார். உண்மையாகவே தெரியாது. பேருந்தில் ஏறி இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகும் அதையே நினைத்துக்கொண்டு வந்ததில், நாத்தனார் கேட்ட எதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. "என்ன அண்ணி, ராக்கெட் கிளம்பிடுச்சா?" என்றார் நாத்தனார்.

பத்து நாள் கழித்து ஐந்தாம் அறைக்குள் இருக்கும்போது போன் அடித்தது. மூக்கால் எடுத்தார்.

"அக்கா, பைண்டிங் கடையில இருந்து பேசுறேன். கட்டு வந்தாச்சு. இந்தத் தடவை ஒண்ணொண்ணா பிரிச்சு நானே பார்த்துட்டேன். கடைசி ஃபாரம் எல்லாத்துலயும் பத்திரமா இருக்கு."

"சந்தோஷம் தம்பி," என்றார் அக்கா. "முதல் ஃபாரம் இருக்கான்னு பார்த்தீங்களா?"

அந்தப் பக்கம் அவசர அவசரமாகக் கட்டு பிரிக்கும் சத்தம் கேட்டது.